நல்ல நேரத்தில் வந்த திமிங்கலம்

எங்கள் ஆட்கள் முன்பெல்லாம் பெண்ணை வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே தெருவுக்குத் தெரிந்துவிடும். அதனால் மதுரைக்குச் சாமி கும்பிடப் போவதுபோலப் போய், கோயிலில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே தூணுக்குத் தூண் தெரிந்த முகமாக நின்றது. ஜவுளிக்கடை மூன்றாவது மாடிக்கு மாறினார்கள். அங்கே பில் போடுகிற பெண்ணே எங்கள் ஊர்க்காரியாக இருந்தாள். இப்படி ஒவ்வோர் இடமாக ஒளிந்து ஒளிந்து, கடைசியில் கடல் தாண்டிப் போய்விடுவது என்று முடிவெடுத்தார்கள். இலங்கையில், தெற்குக் கடலில், திமிங்கலம் பார்க்கப் போகிற படகில், இரண்டு குடும்பமும் ‘தற்செயலாக’ச் சந்தித்துக்கொள்ளும். இவ்வளவு பெரிய மூளை எப்படித்தான் அந்த மண்டைகளுக்குள் அடங்கியதோ.

பெண், என் அண்ணன் மகள். அண்ணனுக்குச் சிவகாசியில் பிரஸ். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்பார், அதோடு தினசரி காலண்டரும். நான் கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். அன்றிலிருந்து பிரஸ்ஸில் புரூஃப் பார்க்கிறேன். தினசரி காலண்டரில் ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் என்று நீங்கள் பார்க்கிற எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் உங்கள் வீட்டுச் சுவருக்கு வருகின்றன. புருஷனோடு வாழாதவள் நல்ல காரியத்தில் முன்னால் வந்து நிற்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஊருக்கே நல்ல நேரத்தைத் திருத்திக் கொடுப்பது அவள்தான் என்பது மட்டும் யாருக்கும் உறுத்தவில்லை.

என்னையும் கூட்டிப்போனதற்குக் காரணம் பாசம் இல்லை. எனக்கு இங்கிலீஷ் வரும். அண்ணனுக்கு ஏர்போர்ட் என்றாலே பயம். அவ்வளவுதான்.

பையன் வீட்டார் விருதுநகர்க்காரர்கள். பருப்பு, எண்ணெய் வியாபாரம். அந்த வீட்டில் பெண் கொடுக்கக் கூடிய தகுதி தனக்கு இருக்கிறது என்று ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும், அண்ணனுக்கு அதுதான் தேவை. என் மருமகள் இதற்குமுன் இரண்டு பேரை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அதற்குத் தண்டனையாகக் கோயம்புத்தூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லி வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். இந்தத் தடவை அண்ணன் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டார். “உங்களுக்குப் பிடிச்சிருந்தாப் போதும் அண்ணாச்சி, எங்க பக்கம் பேச்சே இல்ல.” பிரஸ்ஸில் என் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டுதான் போனில் அப்படிச் சொன்னார். எங்கள் பக்கம் என்றால் யார்? அவள்தானே. அவளிடம் கேட்கவே போவதில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

அவளுக்கோ பையன் விஷயமே தெரியாது. பொங்கல் கழித்து ஒரு குடும்ப டூர் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவள் நம்பினாள். அவள் சந்தோஷமெல்லாம் திமிங்கலத்தின் பேரில்தான். விமானத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாய் ஓயாமல் பேசினாள். உலகத்திலேயே பெரிய உயிர் அது, நம் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துபோகிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்றாள். “நெசமாவே நீலமா இருக்குமா அத்தை?” என்று கேட்டாள். வீட்டில் உட்கார்ந்த இந்த எட்டு மாதத்தில் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

மிரிஸ்ஸ என்கிற அந்தக் கடற்கரை ஊருக்குப் போய் இறங்கிய சாயங்காலம், ஓட்டல் அறையில் அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, பெட்டியைத் திறந்து பட்டுச்சேலையை எடுத்து இஸ்திரி போடத் தொடங்கினாள். படகுக்கு எதற்குப் பட்டு என்று பெண் கேட்டாள். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் சத்தம் போடவில்லை, அழவில்லை. “என்னைய ஏமாத்தியா கூட்டியாந்தீக?” என்று மட்டும் அம்மாவைக் கேட்டாள். “ஏமாத்துறதுல என்னடி இருக்கு, திமிங்கலமும் இருக்குல்ல,” என்றாள் மதினி. இந்தப் பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மறுநாள் விடியுமுன் ஓட்டல் வாசலுக்கு வந்தால், அங்கே ஒரே மாதிரி சிவப்புத் தொப்பி போட்ட ஒரு கூட்டம் நின்றது. எங்கள் ஊர்ப் பட்டாசுக் கம்பெனி ஒன்று சீசனில் நன்றாக ஆர்டர் பிடித்த ஆட்களை டூர் கூட்டி வந்திருந்தது. அதில் பாதிப் பேர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம், வெம்பக்கோட்டைப் பக்கம். அண்ணனைப் பார்த்ததும் ஒருவர் ஓடி வந்து, “அண்ணாச்சி! நீங்களும் இங்கனயா?” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நிமிஷமே ஏர்போர்ட்டிலிருந்து வண்டி வந்து நின்று, அதே ஓட்டலில் அறை போட்டிருந்த பையன் வீட்டார் இறங்கினார்கள். பட்டுச்சேலையில் பெண், வெள்ளைச் சட்டையில் பையன். தொப்பிக்காரர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். எந்தக் கண்களுக்குப் பயந்து கடல் தாண்டி வந்தார்களோ, அந்தக் கண்கள் எல்லாம் எங்களோடு ஒரே படகில் ஏறின. சிரிப்பை அடக்க முடியாமல் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

படகில் எல்லாருக்கும் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். கட்டாயம் போட வேண்டும். மதினிக்கு உயிரே போய்விட்டது. பெண்ணின் கழுத்தில் கிடந்த ஆரம், அட்டிகை எல்லாம் அதற்குள் மறைந்துவிட்டன. மதுரையிலிருந்து ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த மல்லிகைப்பூ மேல் அந்தச் சட்டையின் காலர் ஏறி நின்றது. “ஒரு அஞ்சு நிமிஷம் கழட்டிக்கிடலாமான்னு கேளு,” என்று என்னை ஏவினாள். கேட்டேன். படகுக்காரர் நடுவயதுக்காரர், சிங்களவர், இங்கிலீஷும் கொஞ்சம் தமிழும் பேசினார். பெண்ணைப் பார்த்தார், நகையைப் பார்த்தார், “கடலுக்கு நகை தெரியாது அம்மா,” என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அவர் சொன்னதே தமிழ்தான், மதினிதான் காதில் வாங்கவில்லை.

கரை மறைந்ததும் அண்ணன் கடலைப் பார்த்துக் கையை வீசி, “நம்ம ஆனைக்குட்டம் அணை நெறஞ்சாலும் இப்பிடித்தான் இருக்கும்,” என்று பையனின் அப்பாவிடம் சொன்னார். அந்த அணை நிறைந்து நான் பார்த்ததே இல்லை. சொல்லி வாய் மூடவில்லை, முதல் அலை வந்தது. அண்ணன் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே பிளாஸ்டிக் பைக்குள் தலையை விட்டார். பையனின் அப்பாவும் இன்னொரு பைக்குள் விட்டார். சம்பந்தம் பேச வந்த இரண்டு பெரிய மனிதர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்ததை நான் ஆசை தீரப் பார்த்தேன்.

பையனின் அம்மா மட்டும் அசையவில்லை. நடு பெஞ்சில், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கடை கல்லாவில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். கடலை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்ணின் முகம், கை, காலில் செருப்பு, அவள் தண்ணீர் குடிக்கிற விதம், அம்மாவுக்குப் பதில் சொல்கிற விதம் எல்லாவற்றையும் எடை போட்டுக்கொண்டிருந்தார். பையன் அவர் பக்கத்தில். நல்ல வளர்த்தி, நல்ல நிறம், இன்ஜினியரிங் படிப்பு. அம்மா தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தால் குடித்தான். வாங்கிக்கொண்டால் நிறுத்தினான்.

டால்பின் கூட்டம் வந்தது. எத்தனை என்று யாரால் எண்ண முடியும். படகுக்கு முன்னால் தாவித் தாவி, சில ஆகாயத்தில் பம்பரமாகச் சுற்றி விழுந்தன. தொப்பிக்காரர்கள் விசில் அடித்தார்கள். கம்பெனியில் புதுச் சரக்கை வெடித்துக் காட்டும்போது எப்படிக் கத்துவார்களோ அப்படியே கத்தினார்கள். “ஏலே, அந்தா பாருலே, சக்கரம் சுத்துது!” “அங்கனலே, அங்கன!” பெண் எழுந்தாள். மதினி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “வெயில்ல நிக்காத, கறுத்துப் போயிருவ. எல்லாம் முடியட்டும், பெறகு பாக்கலாம்.” எல்லாம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டால்பினை அவள் காதால்தான் பார்த்தாள்.

அந்த ‘எல்லாம்’ நடக்க நேரம் குறித்திருந்தார்கள். பெண் தட்டோடு வந்து எல்லாருக்கும் பலகாரம் கொடுக்க வேண்டும், அதுதானே முறை. முறையைக் கடலில் விட்டுவிட முடியுமா? அன்றைக்கு மதியத்துக்கு மேல் அஷ்டமி. நல்ல நேரம் காலையில் ஒரு மணி நேரம்தான், அது கழிவதும் படகில்தான். அண்ணன் முதல்நாளே ஊருக்குப் போன் போட்டு ஜோசியரிடம் தண்ணீர் மேல் அந்த நேரம் செல்லுமா என்று கேட்டிருந்தார். செல்லும் என்று அவர் சொல்லிவிட்டார். சொல்ல மாட்டாரா பின்னே. எங்கள் பிரஸ்ஸில் ஒரு வருஷம் மெஷின் ஓட்டுகிறவர் தாளை மாற்றிவைத்து, ஆவணி மாதம் முழுக்க நல்ல நேரம் தப்பாக அச்சாகி ஊரெல்லாம் போனது. அந்த ஆவணியில் அதைப் பார்த்துத் தாலி கட்டியவர்கள் இன்றும் சண்டை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். சரியான நேரத்தில் கட்டியது என் கல்யாணம்.

திடீரென்று படகுக்காரர் இன்ஜினை நிறுத்தினார். பக்கத்தில் எங்கோ திமிங்கலம் முங்கியிருக்கிறது, மூச்சு விட மேலே வரும், யாரும் சத்தம் போடாதீர்கள், வலது பக்கம் பார்த்துக்கொண்டிருங்கள் என்றார். விசில் நின்றது. வாந்தி நின்றது. தண்ணீர் படகின் பக்கத்தில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அமைதியில் மதினியின் குரல். “நேரம் வந்துருச்சு. எந்திரி.”

வெள்ளித் தட்டைப் பையிலிருந்து உருவினார்கள். சாத்தூர் சேவு, கருப்பட்டி மிட்டாய். காப்பி வைக்க முடியவில்லையே என்று மதினிக்குக் கவலை வேறு. பெண் என்னைப் பார்த்தாள். “அத்தை, திமிங்கலம் வரப்போகுதுன்னு சொல்றாரே,” என்றாள். “அது வந்தா வருது,” என்று அண்ணன் பையிலிருந்து தலையைத் தூக்கிச் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே விட்டார். அவள் தட்டை வாங்கிக்கொண்டு, ஆடுகிற படகில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மிதவைச் சட்டையும் பட்டுச்சேலையுமாக நடு பெஞ்சைப் பார்த்து நடந்தாள். அவள் முதுகுதான் வலது பக்கக் கடலைப் பார்த்திருந்தது. பையனின் அம்மா நிதானமாக ஒரு சேவை எடுத்தார். தரம் பார்ப்பதுபோல் ஒடித்துப் பார்த்தார்.

அப்போது வந்தது. முதலில் சத்தம்தான். லோடு லாரி நிற்கும்போது காற்றை விடுமே, அதுபோல, ஆனால் அதைவிடப் பெரிதாக, நீளமாக. தண்ணீர் ஆவியாக ஆகாயத்தில் எழும்பியது. மீன் கவிச்சி மூஞ்சியில் அடித்தது. பிறகு முதுகு. சாம்பலும் நீலமுமாக, பளபளவென்று, தண்ணீருக்கு மேலே வழுக்கிக்கொண்டு போனது. போயிற்று, போயிற்று, இன்னும் போயிற்று. இப்போது முடியும் என்று நினைக்கும்போதெல்லாம் இன்னும் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து பெரிது என்று எதையெல்லாம் சொன்னேனோ அதற்கெல்லாம் வெட்கப்பட்டேன்.

பெண் திரும்பிப் பார்த்தாள். தட்டைக் கொண்டுபோய்ப் பையனின் அம்மா மடியில் வைத்தாள். எறியவில்லை, தட்டவில்லை, பதனமாகத்தான் வைத்தாள். வைத்துவிட்டு ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். படகில் எல்லாரும் அந்தப் பக்கம் சாய, படகும் சாய்ந்தது. சேவு உருண்டது. “ஏய்!” என்று மதினி கத்தினாள். “பாப்பா, வா இங்கன! நேரம் போகுது!”

நான் பையனைப் பார்த்தேன். அவனும் எழுந்தான். முழுதாக இல்லை, பாதி எழுந்தான். கழுத்து கடல் பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டது. அதற்குள் அவன் கண் அம்மா முகத்துக்குப் போய்விட்டது. அவர் மடியில் தட்டோடு, தலையை ஒரு நூல் அளவு அசைத்தார். அவன் உட்கார்ந்துகொண்டான். உட்கார்ந்து, கீழே விழுந்த சேவைப் பொறுக்கித் தட்டில் போட்டான்.

திமிங்கலம் கடைசியாக வாலைத் தூக்கியது. தண்ணீர் ஒழுகிக்கொண்டே அந்த வால் ஆகாயத்தில் நின்றது. அப்புறம் சத்தமே இல்லாமல் இறங்கிப் போனது. பிறகு ஒரு தொப்பிக்காரர், “அம்புட்டுத்தானா? நம்ம கம்பெனிப் பூச்சட்டி இதவிட ஒசரமா அடிக்கும்லே,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். காலண்டர் படத்தில் வானத்துக்குத் தாவுகிறதே, இது தாவவே இல்லையே என்று இன்னொருவர் குறைப்பட்டுக்கொண்டார். அந்தப் படத்தை அடித்ததும் எங்கள் பிரஸ்தான். திமிங்கலத்தைப் பார்த்த பிறகும் படத்தின் பக்கம் நின்று பேசுகிறவனோடு என்ன பேச முடியும்?

அதற்குப் பிறகு நாலைந்து படகுகள் சேர்ந்துகொண்டு அது எங்கே எழும்பும் என்று அங்கும் இங்கும் விரட்டின. அது இன்னும் ஒரு தடவை தூரத்தில் மூச்சு விட்டது. பெண் கரை வருகிறவரை கம்பியை விடவில்லை. முகமெல்லாம் உப்புத் தண்ணீர், பூ எங்கோ போய்விட்டது. “பாத்தீகளா அத்தை?” என்றாள். “பாத்தேன்” என்றேன்.

கரைக்கு வந்ததும் அஷ்டமி பிறப்பதற்குள் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். ஓட்டல் வரவேற்பறையில் ஈரச் சேலையோடு உட்கார்ந்தோம். சுற்றிலும் தொப்பிக்காரர்கள், பேப்பர் படிப்பதுபோலச் சிங்களப் பத்திரிகையை வைத்துக்கொண்டு. தட்டை மடியில் வைத்த பிறகு இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று நான் நிம்மதியாக இருந்தேன். பையனின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “எங்களுக்குப் பிடிச்சிருக்கு,” என்றார். அம்மா கூடவே சேர்த்தார். “பொண்ணுக்குக் கொஞ்சம் வெளையாட்டுத்தனம் இருக்கு. நம்ம வீட்டுக்கு வந்தாச் சரியாயிரும்.” அவர் சரியாக்கி வைத்திருந்த பிள்ளையைத்தான் பக்கத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தேனே.

அண்ணன் இரண்டு கையையும் கூப்பினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. வைகாசியில் முகூர்த்தம் என்று பேச்சு ஓடியது. பையனின் அப்பா பெருந்தன்மையாக, “பாப்பாகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுருங்க. இந்தக் காலத்துப் பிள்ளைக,” என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

பெண் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். “அத்தை, திமிங்கலம் வந்தப்ப அவுக என்ன பண்ணுனாக? நான் பாக்கல.”

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நல்ல காரியத்தில் பின்னால் உட்கார வேண்டியவள், பின்னாலிருந்தே சொன்னேன். “தம்பி எந்திரிக்கப் போனாரு. அவுக அம்மா மொகத்தப் பாத்தாரு. உக்காந்துட்டாரு.”

பையனின் காது சிவந்தது. “நேரம் முடியப் போகுதுன்னு அம்மா சொன்னாக,” என்றான். அன்றைக்கு அவன் குரலை முதல்முதலாக அப்போதுதான் கேட்டோம்.

“எனக்கு வேண்டாம்ப்பா,” என்றாள் பெண். சத்தமாக இல்லை. ஆனால் தொப்பிக்காரர் ஒருவர் பத்திரிகையைக் கீழே இறக்கியதைப் பார்த்தேன். பிறகு அவள் எழுந்து, ஈரச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனாள். இவ்வளவு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை எந்த அப்பனாலும் முழுங்க முடியாது. வீட்டில் சொல்லியிருந்தால் கதவைச் சாத்திவிட்டுச் சம்மதம் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அன்றைக்கு நின்ற பேச்சு இன்னும் நின்றுதான் கிடக்கிறது. புரூஃப் தாளை இப்போதும் ஆள் மூலமாகத்தான் அனுப்புகிறார். எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அவள் மறுபடியும் கோயம்புத்தூர் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கிளம்புகிற அவசரம். சாப்பாட்டு அறையில் காப்பிக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்து திரும்பினால், அந்தப் பையன். சண்டைக்கு வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். திருப்பிக் கொடுக்க வாய் நிறைய வைத்திருந்தேன். அவன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, குரலை இறக்கி, “அத்தை, அது எப்பிடி இருந்துச்சு?” என்று கேட்டான்.

எது என்று நான் கேட்கவில்லை. ஐந்து மணி நேரம் எங்களோடு அதே படகில் இருந்தவன். எங்கிருந்து தொடங்குவது, அந்தச் சத்தத்திலிருந்தா, முதுகிலிருந்தா என்று யோசித்துக்கொண்டே காப்பியைக் கீழே வைத்தேன். லிஃப்ட் கதவு திறந்தது. அவன் அம்மா வெளியே வந்தார்.

அவன் பதிலுக்கு நிற்கவில்லை.